தேத்தண்ணியில் வளர்ந்த எலும்பு

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு தட்டுகளில் குளோரின் ஊற்றினேன். அடிவரைக்கும் தேய்த்துக் கழுவினேன். ஜன்னலோரம் கவிழ்த்துக் காய வைத்துவிட்டு ஹேவாஹெட்ட பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். நல்ல வேலை செய்த நினைப்பு. திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. என்ன ஆனது என்று அப்போதும் புரியவில்லை.

அவள் யாழ்ப்பாணத்துப் பெண். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அண்ணை! இதில இருந்த தட்டெல்லாம் எங்க?"

"கழுவிட்டேன் மிஸ். அந்தா, ஜன்னல்கிட்ட காயுது."

"கழுவினனீங்களோ?"

"பூரா பூசணம் புடிச்சிக் கெடந்துச்சி. யாரோ சீனி போட்ட தேத்தண்ணிய ஊத்தி வச்சிட்டு மறந்துட்டாங்க. மேல தோல் மாதிரி இவ்ளோ தடிப்பு. புளிச்ச நாத்தம் வேற. குளோரின் போட்டுத் தேச்சி எடுத்தேன். வெரலு வெந்து போச்சி."

விரலைக் காட்டினேன். பாராட்டுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதிரை பக்கத்தில்தான் இருந்தது. அதில் உட்காரவில்லை. வெள்ளை மேலங்கியோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, காய்ந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவும் இல்லை.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. என் மேல்தான் வருகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். தட்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் எண்ணும் நான்கு இங்கிலீஷ் எழுத்தும் மட்டும் இருந்தன. கழுவாதே என்று எந்த மொழியிலும் இல்லை. பழக்கப்பட்டவர்களுக்கு அந்த எண் போதும். எனக்கு எப்படித் தெரியும்?

நான் பதினெட்டு வருடம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவன். அரைத்த கொழுந்தைப் பரப்பி நிறம் மாற வைக்கும் மேசை என் பொறுப்பில் இருந்தது. அந்த மேசையில் ஒரு சொட்டு வழுவழுப்பு இருக்கக் கூடாது. இருந்தால் அது கிருமி. கிருமி பட்டால் அன்றைக்கு அரைத்த தூள் முழுவதும் புளிப்பு வாசம் அடிக்கும். தூளுக்குப் பொறுப்பான டீமேக்கர் விரலை மேசையில் தேய்த்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மோந்து பாரு. ஒன் வீட்டுச் சட்டியா இது?" என்பார். அதனால் தினமும் குளோரின் தண்ணீர், தினமும் தேய்ப்பு. தேயிலையும் வழுவழுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் என் கை யாரையும் கேட்காது. அது பதினெட்டு வருடத்துக் கை.

கிருமி மேல் எனக்கு வேறு பகையும் உண்டு. ஃபெக்டரியில் கொழுந்து ஏற்றிய இரும்புத் தள்ளுவண்டி சரிந்து என் இடது முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறியவில்லை. தோல் கிழிந்தது, அவ்வளவுதான். மருந்து போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன். அது ஆறவில்லை. மூடும், திறக்கும், சீழ் வரும், மறுபடி மூடும். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது கிருமி எலும்புக்குள் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டித் திறந்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். கிருமி போனது. எலும்பில் ஒரு குழி மிஞ்சியது. கட்டைவிரலை அதில் வைக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அந்தக் குழியை நிரப்பாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள், படி இறங்கும்போது, கால் அந்த இடத்தில் பட்டென்று முறியும். மறுபடி கிருமி ஏறினால் காலே போகலாம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது.

அப்படி இருப்பவனுக்கு ஃபெக்டரியில் என்ன வேலை? அதனால்தான் கண்டிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு கண்ணாடி கழுவினேன்.

குழியை நிரப்ப டொக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, என் இடுப்பெலும்பில் இருந்தே கொஞ்சம் வெட்டி எடுத்து வைப்பது. இரண்டாவது, கடையில் வாங்கும் எலும்புத் துகள். அவர் முஸ்லிம். எங்களோடு தமிழிலேயே பேசுவார். என் மனைவியும் அன்று கூட வந்திருந்தாள்.

"கடையில வாற சாமான் மாட்டெலும்புல செஞ்சது. பன்டி எலும்புல செஞ்சதும் இருக்கு. ஒன்டு ஒங்களுக்குச் சரிவராது, மத்தது எனக்குக் கையால தொடவே சரிவராது" என்று சிரித்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னாள். "மாட்டெலும்ப உள்ள வச்சிக்கிட்டு மாரியம்மன் கோயில் படியேறுவீங்களா? ஏறுனா நான் கூட வரமாட்டேன்."

இடுப்பை வெட்ட எனக்குப் பயம். வெட்கப்படாமல் சொல்கிறேன், பயம். ஒரு சின்னக் கிழிசல் என்னை இரண்டு வருடம் தின்றது. நல்ல இடுப்பை நானே கொண்டுபோய் வெட்டக் கொடுத்து, அதுவும் அழுகினால்? டொக்டரிடம் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கிளினிக் நாட்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

இப்படி ஒரு காலோடு நின்றுகொண்டிருந்தவனிடம்தான் அந்தப் பிள்ளை தரையில் இருந்தபடி சொன்னாள்.

"அது அழுக்கில்லை அண்ணை. நான் வளர்த்தது. அது எலும்புக்கு."

"எந்த எலும்புக்கு?"

"மனுச எலும்புக்கு. எலும்பில ஓட்டை விழுந்தா அடைக்கிறதுக்கு."

பகிடி பண்ணுகிறாளோ என்று பார்த்தேன். முகத்தில் பகிடி இல்லை.

"தேத்தண்ணியில எலும்பு வளருமா மிஸ்?"

"எலும்பு வளராது. சாரம் வளரும். வீடு கட்டேக்க சாரம் கட்டுறவை எல்லே, அது மாதிரி. தேத்தண்ணிக்குள்ள விட்ட பக்டீரியா சீனியைத் தின்னும். திண்டிட்டு மெல்லிய நூல் விடும். அந்த நூல்தான் மேல தோல் மாதிரிப் படியிறது. அதை எடுத்துச் சுண்ணாம்புச் சத்தும் பொஸ்பேற்றும் ஏத்தினால் எலும்பு மாதிரி இறுகும். ஓட்டையில வைச்சா எங்கட எலும்பு அதில ஏறிப் படரும். பிறகு உண்மையான எலும்பு வரும்."

"பக்டீரியான்னா கிருமிதானே?"

"ஓம்."

"கிருமியா எலும்பு கட்டுது?"

"ஓம் அண்ணை."

நான் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினேன். யாரிடமும் காட்டாத காலை அவளுக்குக் காட்டினேன். தழும்பு, அதன் நடுவே உள்ளே இறங்கிய பள்ளம்.

"இத யாரு தின்னது தெரியுமா? கிருமி. ரெண்டு வருசம் உள்ள உக்காந்து தின்னுச்சி. நீங்க என்னாடான்னா அதுக்குச் சீனி போட்டு வளக்குறீங்க."

அவள் அந்தப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழும்பினாள். "இது வேற கிருமி அண்ணை" என்றாள். குரலில் பலமே இல்லை. நான்கு மாத வேலை அந்தத் தட்டுகளோடு போயிருந்தது. அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் சுட்டது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான சேரிடம் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கத்தினார். நானும் சிங்களத்தில் ஃபெக்டரி மேசையைப் பற்றிச் சொன்னேன். கத்திக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "தேயிலை ஃபெக்டரியில் இது சரியான முறைதான்" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் வேலை தப்பியது.

குளிர்ப்பெட்டியில் ஒரு சின்னக் குப்பியில் மூலக் கிருமி மிஞ்சியிருந்தது. முதலில் இருந்து தொடங்க வேண்டும். தேத்தண்ணி போடுவதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் அதுவரை கடைத் தூளைக் கண்டபடி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தோட்டத்துத் தூளைக் கொண்டுவந்தேன். தண்ணீர் எவ்வளவு கொதிக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் வடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சீனியை அவள் நிறுத்துப் போட்டாள். ஆற வைத்துக் கிருமியை விட்டோம். ஐந்தாம் நாள் மேலே மெல்லிய ஆடை. பத்தாம் நாள் விரல் தடிப்பு. பழையதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் போய்க் குனிந்து பார்ப்பேன். உடம்பு கூசும். சத்தம் இல்லை, அசைவு இல்லை. ஆனால் நேற்றைவிட இன்று தடித்திருக்கும். என் காலுக்குள்ளும் இப்படித்தானே சத்தம் போடாமல் இருந்தது?

இரண்டு வாரத்தில் தோல்களை எடுத்தாள். கோஸ்டிக் சோடாவில் அவிக்கப் போகிறேன் என்றாள்.

"அவிச்சா கிருமி செத்துப் போகுமே?"

"சாகத்தான் வேணும். கிருமி செத்து வெளியில போகோணும். நூல் மட்டும் மிஞ்சோணும். அப்பதான் உடம்புக்குள்ள வைக்கலாம்."

"நான் கொன்னா கொல. நீங்க கொன்னா படிப்பா?"

"அதுகள் வேலையை முடிச்ச பிறகுதானே அண்ணை நான் கொல்லுறன்."

"வேல வாங்கிட்டு அனுப்புறது. நல்லாருக்கு மிஸ். தோட்டத்துலயும் இதேதான்."

அன்றைக்குத்தான் அவள் முதல் தடவை சிரித்தாள்.

அவித்து, கழுவி, மருந்துத் தண்ணீரில் மாற்றி மாற்றி ஊற வைத்து, காய வைத்தாள். ஒரு மாதம் கழித்து அலுமாரித் தட்டில் இரண்டு வரிசை இருந்தது. ஒரு வரிசை வெள்ளை. இன்னொரு வரிசை கபில நிறம், காய்ந்த தேயிலைச் சாயம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பாரமே இல்லை. நகத்தால் தட்டினேன். டக் என்றது. உற்றுப் பார்த்தால் ஆயிரம் பொந்து. கோழி எலும்பை உடைத்தால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி.

மாடு இல்லை. பன்றி இல்லை. இடுப்பை வெட்டத் தேவையில்லை. எங்கள் தோட்டத்துத் தேயிலை, நான் வடித்த சாயம்.

"மிஸ், எனக்கு வைக்கச் சொல்லுங்க."

"என்னத்தை?"

"இதத்தான். அடுத்த கிழமை கிளினிக். நான் டொக்டர்ட்ட கொண்டு போறேன்."

அவள் துண்டை என் கையில் இருந்து எடுத்து மூடியை மூடினாள். "ஏலாது அண்ணை. இது இன்னும் குழந்தை மாதிரி. முதல்ல கண்ணாடிக்குள்ள உயிர்க்கலங்களில பார்க்கோணும். பிறகு எலி. பிறகு ஆடு. அதுக்குப் பிறகுதான் மனுசருக்குக் கேக்கலாம். வருசக் கணக்காகும்."

"எலிக்கு வைப்பீங்க. ஆட்டுக்கு வைப்பீங்க. எனக்கு வைக்க மாட்டீங்க."

"அண்ணை, அப்பிடி இல்லை…"

"எப்படி மிஸ் இல்ல? என் காலு வருசக் கணக்குக்கு நிக்குமா? கேட்டுச் சொல்லுங்க உங்க ஆட்டுக்கிட்ட."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அவள் சொன்னது நியாயம் என்று இப்போது தெரியும். அன்றைக்கு எனக்கு நியாயம் தேவைப்படவில்லை. எலும்பு தேவைப்பட்டது.

கிளினிக்குக்கு முதல் நாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அலுமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தேன். திருட்டுத்தான். வேறு பெயர் வைக்க வேண்டாம். எதை எடுப்பது என்று யோசித்தேன். வெள்ளை வரிசை சோக்குக்கட்டி மாதிரி இருந்தது, ஓரம் உதிர்ந்தது. கபில வரிசை இறுகி, தோல் மாதிரிப் பலமாக இருந்தது. ஃபெக்டரியில் வெளுத்த இலை வேகாத இலை. செப்பு நிறம் ஏறியதுதான் பதம் வந்தது. கண் தானாகக் கபில நிறத்துக்குப் போனது. நல்ல பதமானதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, சலவை செய்த கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டில் மனைவி அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு விரல் திருநீறும் பூசினாள். மாடு இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பூசினாள்.

டொக்டர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன இது? கருவாடா?"

"எலும்பு டொக்டர். செயற்கை எலும்பு. லெப்ல செஞ்சது. என் கால்ல இத வைங்க."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கையுறை போட்டுக்கொண்டு துண்டை எடுத்தார். மோந்தார். "வினாகிரி வாசம் வருதே" என்றார். சின்னக் கத்தியால் நடுவில் வெட்டினார். வெளியே இறுகியிருந்தது உள்ளே ஈரமாக இருந்தது. கத்தி நுனியில் வழுவழுப்பாக ஒன்று இழுபட்டது.

அந்த வழுவழுப்பு எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் தெரியும்.

"யார் செஞ்சது? அவங்கட நம்பர் இருக்கா? இருந்தா தாங்க."

கொடுத்தேன். தன் போனில் எடுத்து மேசையில் வைத்தார். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. டொக்டர் தன்னைச் சொல்லி, என்னைச் சொல்லி, துண்டைச் சொன்னார்.

"என்ன நிறம் டொக்டர்? வெள்ளையோ?"

"இல்ல. பிரவுன்."

போட்டாள், அந்தத் திங்கட்கிழமை போட்ட அதே சத்தம்.

"ஐயோ, அது அவிக்கேல்லை! ஒப்பிட்டுப் பார்க்க அவிக்காம வைச்சது! அதுக்குள்ள எல்லாம் உயிரோட இருக்கு! அண்ணை, அண்ணை கேக்குதோ? அதைக் காலில தொட வேண்டாம்! சட்டைப் பையையும் கழுவுங்கோ!"

டொக்டர் கத்தியைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். நான் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் பஸ்ஸில் வந்திருந்தேன். கூட்டத்தில் யாரும் நசுக்கிவிடக் கூடாதென்று கையால் மறைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு சின்னப் புண்ணில் நுழைந்த கிருமிக்காக இரண்டு வருடம் சீழோடு நடந்து கத்திக்குக் கீழே கிடந்தவன், ஒரு பொட்டலம் நிறையக் கிருமியை நானே கொண்டுவந்து, உள்ளே வையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

"அது காலைத் திங்கிற சாதி இல்லையாம், அந்தப் புள்ள செல்லுது" என்றார் டொக்டர், போனை வைத்துவிட்டு. "ஆனா ஒங்கட கால்ல எந்தச் சாதியும் நமக்கு வேணாம். நான் எப்படியும் இத ஒங்கட கால்ல வச்சிருக்க மாட்டேன், பயப்பட வேணாம். ஆனா ஒன்டு கேக்கிறேன். இடுப்புக்கு அவ்வளவு பயமா?"

"பயம் டொக்டர்."

"இதுக்குப் பயமில்ல?" கைக்குட்டையைக் காட்டினார்.

இடுப்பையே வெட்டச் சொன்னேன். அன்றைக்கே நாள் குறித்தார்.

இடுப்பை வெட்டினார்கள். புண் எட்டாம் நாள் காய்ந்தது. கால் குழிக்குள் வைத்த எலும்பு பிடிக்க மாதங்கள் ஆயின. படம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசிப் படத்தில் பள்ளம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. டொக்டர் பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இனி நிக்கலாம்" என்றார்.

மறுபடி ஆய்வுகூடத்துக்குப் போன அன்று அவள் என்னைப் பார்த்து, "ரெண்டு தரம் அண்ணை. ரெண்டு தரம் என்ர வேலையைக் கெடுத்தனீங்கள்" என்றாள். ஆம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வராத வேலை, எப்படியோ கேட்டேன். அவள் அலுமாரியைத் திறந்து காட்டினாள். கபில வரிசைக்கு முன்னால் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய தமிழ் எழுத்து: "உயிரோடு இருக்கிறது. கழுவாதே. எடுக்காதே. அண்ணைக்கு அல்ல."

"இத அன்னைக்கே ஒட்டியிருக்கலாமே மிஸ்" என்றேன்.

"நீங்கள் அண்டைக்கே கேட்டிருக்கலாம்" என்றாள்.

தண்ணீரை அடுப்பில் வைத்தேன். ஆறு தட்டுக்குத் தேத்தண்ணி வேண்டும். கதிரையை அவள் என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் உட்காரவில்லை. தண்ணீர் கொதித்து, சாயம் இறங்கி, வடித்து, ஆறும் வரைக்கும் இரண்டு காலிலும் நின்றேன்.